சுடரின் இருபத்தேழாவது வழக்கு

பாப்பா,

இந்தக் கடிதத்தைப் படிக்காமல் கிழித்துப் போட உனக்கு எல்லா உரிமையும் உண்டு. கிழிப்பதற்கு முன்னால் உறையைக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டு. உள்ளே இன்னொரு தாள் இருக்கிறது. நான்காக மடித்தது, ஓரம் பழுத்துப் போனது, மேலே கம்பெனி பெயர் அச்சடித்தது. அதை மட்டும் கிழித்துவிடாதே. கடிதம் போனால் ஒரு மனுஷனின் புலம்பல் போயிற்று என்று விட்டுவிடலாம். அந்தத் தாள் போனால் செவ்வாய்க்கிழமை விசாரணையில் செல்வியின் பக்கம் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. என்னை நம்பலாமே என்று கேட்கிறாயா? கேட்க மாட்டாய். என்னை நம்ப வேண்டாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நீ வீட்டை விட்டுப் போய் இன்றோடு நாற்பத்தொரு நாள். என் நம்பரை நீ தடுத்து வைத்திருப்பது தெரியும், ஆனாலும் தினமும் ஒரு முறை போட்டுப் பார்க்கிறேன். உன் அம்மா மொட்டை மாடியில் துணி காயப்போடுகிற சாக்கில் உன்னோடு பேசுகிறாள். அரை மணி நேரம் காயப்போடுகிற துணி ஒரே ஒரு பாவாடை. அவள் சொல்லித்தான் நீ தண்டலத்தில் செல்வி பார்த்துக்கொள்கிற பெண்கள் விடுதியில் தங்கியிருக்கிறாய் என்று தெரிந்தது. இரண்டு முறை பஸ் ஏறி அங்கே வந்தேன். எதிர்ப்புறத்து ஜூஸ் கடையில் நின்றேன். செல்வி வாசலில் தண்ணீர் கேன்காரனுக்கு வலது கையால் மெதுவாகக் கையெழுத்துப் போட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தாள், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி. எனக்குச் சாலையைக் கடக்கத் தைரியம் வரவில்லை. இந்த உறையை வாங்கி உன்னிடம் கொடுக்கப்போவதும் அவள் கைதான்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'சுடர் துப்பறிகிறாள்' கதைகள் இருபத்தாறையும் புத்தகமாகப் போடுகிறோம் என்று ஒரு பதிப்பாளர் கேட்டிருந்தார் அல்லவா, முன்னுரை வேண்டும் என்று நான்கு மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தார். இந்தக் கடிதத்தின் இன்னொரு பிரதியை நேற்று அவருக்கு அனுப்பிவிட்டேன். முன்னுரை இதுதான், போட்டால் இதோடு போடுங்கள், இல்லாவிட்டால் புத்தகமே வேண்டாம் என்று எழுதினேன். செல்வியின் பெயரை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். உன்னை இங்கே பாப்பா என்று மட்டுமே கூப்பிடுகிறேன். ஊரறியச் செய்தால்தான் பின்வாங்க வழி இருக்காது. நான் பின்வாங்குகிறவன் என்பதை என்னைவிட நன்றாக அறிந்தவள் நீ.

சுடர் பிறந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்காது. உனக்கு ஏழு வயது. ஒரகடம் ரோட்டோரம் நமக்கு மிச்சமிருந்த துண்டு நிலத்தை அன்றைக்கு நான் விற்றேன். அம்மாவிடம் சொல்லவில்லை. எப்போதும்போல் கம்பெனி சட்டை போட்டு, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டி, சோற்று டப்பாவோடு கிளம்பி, ஸ்ரீபெரும்புதூர் பதிவு அலுவலகத்துக்குப் போய்விட்டு, ஷிஃப்ட் முடிகிற நேரத்துக்குச் சரியாக வீடு திரும்பினேன். நீ தரையில் உட்கார்ந்து கூட்டல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாய். தலை நிமிர்த்தி ஒரு முறை பார்த்தாய். "மா, அப்பா இன்னிக்கி கம்பெனிக்குப் போல. ஷூல எண்ணெய் இல்ல, செம்மண்ணு கீது. கட்டவெரல்ல மை கீது. டப்பா வேற காலி ஆவல." அம்மா என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்த சண்டையை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். எனக்கோ, பாப்பா, மாட்டிக்கொண்ட வெட்கத்தைவிடப் பெருமைதான் அதிகமாக இருந்தது. என்ன பிள்ளை பெற்றிருக்கிறேன் என்று பூரிப்பாக இருந்தது. அந்த வாரமே ஒரு நோட்டு வாங்கி, சுடர் என்று ஒரு சிறுமியை உண்டாக்கி, அவள் அப்பாவின் கட்டைவிரல் மையைக் கண்டுபிடித்தாள் என்று எழுதி, ஒரு சிறுவர் மாத இதழுக்கு அனுப்பினேன். போட்டார்கள். மகள் கண்டுபிடித்தது அப்பாவின் பொய்யை என்பதைப் படித்தவர்கள் வேடிக்கையாக எடுத்துக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அங்கேயே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு நீ கண்டதெல்லாம் எனக்குக் கதை. படப்பை போகிற ஷேர் ஆட்டோவில் என் மடியில் உட்கார்ந்துகொண்டு, எதிரே இருப்பவர்களின் அடையாள அட்டைப் பட்டை நிறத்தையும் காலணியையும் பார்த்து, இவர் எந்தக் கம்பெனி, ஷிஃப்டுக்குப் போகிறாரா முடித்து வருகிறாரா என்று என் காதில் சொல்வாய். தூங்கி வழிகிறவரைப் பார்த்து முடித்து வருகிறார் என்று நான் சொன்னால், "இல்லபா, சட்ட மடிப்பு கலையல, இப்பதான் போறாரு, பாவம், நேத்து ரெண்டு ஷிஃப்ட் போல" என்பாய். மாடித் தண்ணீர்த் தொட்டி தினமும் காலையில் காலியாவது ஏன் என்று நீ கண்டுபிடித்தது ஐந்தாவது கதை. கோயில் உண்டியல் பக்கத்தில் ஒற்றைச் செருப்பு கிடந்தது பதினோராவது. ஒவ்வொரு கதையையும் எழுதியதும் முதலில் உனக்குத்தான் வாசித்துக் காட்டுவேன். நீ தரையில் சம்மணம் போட்டு, நாடியில் கை வைத்துக்கொண்டு கேட்பாய். ஓட்டை இருந்தால் உடனே கையைத் தூக்குவாய். நீ கை தூக்காத கதை மட்டும்தான் தபாலுக்குப் போகும்.

நீ காட்டிய ஓட்டைகளை அடைத்த பிறகு, நல்ல பிரதி எடுப்பது செல்வி. மாடி அறையில் நான்கு பெண்களாக வாடகைக்கு இருந்தார்களே, சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவள் அவள். இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கிற எங்கள் பிரஸ் ஷாப்பில், என் லைனில், காண்ட்ராக்ட் ஆபரேட்டர். என் கையெழுத்தை இதழ்க்காரர்களால் படிக்க முடியவில்லை என்று தெரிந்ததும் தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டாள். "அண்ணாச்சி, ஒங்க எழுத்து கோழி கிண்டுன மாதிரில்லா இருக்கு. இங்க தாங்க, நான் எழுதித் தாரேன்." முத்து முத்தாக எழுதுவாள். ஆனால் ஒவ்வொரு வரியிலும் மை லேசாக இழுபட்டிருக்கும். அதையும் நீதான் கண்டுபிடித்தாய். "அக்கா நொட்டாங்கைல எழுதறாங்க. அதான் எழுதின மேலயே கை போவுது." அவள் சிரித்துக்கொண்டு உள்ளங்கையைக் காட்டினாள். சுண்டுவிரலிலிருந்து மணிக்கட்டு வரை நீல மை. "எங்கம்மை எம்புட்டோ அடிச்சுப் பாத்தா. கை மாற மாட்டேனுட்டு. சோறு மட்டும் வலக் கையில, மத்த வேலையெல்லாம் இதுதான்." சுடருக்கு ஒரு தோழி வேண்டும் என்று சொல்லி, அவளைக் கதைக்குள்ளும் கொண்டுவரச் செய்தாய். பத்தொன்பதாவது கதையில் வருகிற இடதுகை அக்கா அவள்தான்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். நீ வழக்குக் கட்டில் படித்தது பாதி. மீதி என்னிடம் இருக்கிறது.

எங்கள் பிரஸ் மிஷினை ஓட்ட இரண்டு வழி. ஒன்று, இடப்பக்கம் ஒரு பட்டன், வலப்பக்கம் ஒரு பட்டன், இரண்டையும் இரண்டு கையால் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேலிருந்து இறங்கும். இரண்டு கையும் பட்டன் மேல் இருப்பதால் உள்ளே கை சிக்காது. இன்னொன்று, காலால் மிதிக்கிற பெடல். கை இரண்டும் சும்மா இருக்கும், வேலை வேகமாக ஓடும், கை உள்ளே இருக்கும்போதும் இறங்கும். எதில் ஓட வேண்டும் என்பதை ஒரு சாவி தீர்மானிக்கும். அந்தச் சாவி சூப்பர்வைசர் இடுப்பில் இருக்கும். அதாவது என் இடுப்பில். அச்சு மாற்றுகிறபோது மட்டும்தான் பெடலுக்குத் திருப்ப வேண்டும் என்பது விதி. அன்றைக்கு டார்கெட் முடியவில்லை, மாலை நாலு மணிக்கு லாரி நின்றுகொண்டிருந்தது, இரண்டு முறை போன் வந்துவிட்டது. நான் சாவியைப் பெடலுக்குத் திருப்பினேன். "அண்ணாச்சி, பெடல் வேண்டாமே, பயமா இருக்கு" என்றாள். "அரை மணி நேரம்தாம்மா, பாத்து ஓட்டு" என்றேன். அரை மணி நேரம் ஆகவில்லை. இருபது நிமிடத்தில் அவள் இடது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன.

அவளை வண்டியில் ஏற்றிவிட்டு வந்ததும் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "பெடலுக்கு மோட் மாத்தவே இல்ல. மிஷின்ல கோளாறு இல்ல. நாளைக்குக் காலைல ரிப்போர்ட் என் டேபிள்ல இருக்கணும். மீதிய நீங்களே எழுதிடுங்க, நீங்கதான் கதை எழுதறவராச்சே" என்றார். நான் தலையை ஆட்டினேன். பெடலைக் கழற்றி வைத்தேன். சாவியைப் பட்டனுக்கே திருப்பினேன். இரண்டு கையும் பட்டனில் இருக்க வேண்டிய மிஷினில் ஒரு கை எப்படி உள்ளே போனது? அதற்கு ஒரு காரணம் வேண்டும் அல்லவா? அவசரக்கார ஆபரேட்டர்கள் சில பேர் ஒரு பட்டனில் டேப் ஒட்டி அமுக்கிவைத்துவிடுவார்கள், ஒரு கையை விடுவித்துக்கொள்வதற்காக. எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த திருட்டுத்தனம் அது. நான் டேப் எடுத்து வலப்பக்கத்துப் பட்டனில் ஒட்டினேன். ஏன் வலது? எனக்கு எழுதுகிற கை வலது. நானாக இருந்தால் வலது கையைத்தான் விடுவித்துக்கொள்வேன். இருபத்தாறு கதைகளில் துப்பு எங்கே வைப்பது என்று பழகிய கை, பாப்பா.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்கு வந்தேன். மாடிப் பெண்கள் அழுதுகொண்டே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள், அம்மாவும் கூடப் போயிருந்தாள். நீ மட்டும் இருந்தாய். பதினோரு வயது. செல்வி அக்காவுக்கு அடிபட்டது என்று மட்டும் உனக்குத் தெரியும். நான் ரிப்போர்ட் எழுதி முடித்தேன். முடித்ததும், இந்தப் பொய் நிற்குமா என்று எனக்குச் சந்தேகம். யாரிடம் கேட்பது? என் வீட்டிலேயே ஓட்டை கண்டுபிடிக்கிற ஆள் இருந்தாள். "புதுக் கதை ஒண்ணு சொல்றேன், கேக்கறியா" என்றேன். ஒரு பிஸ்கட் ஃபேக்டரி, ஒரு மிஷின், இரண்டு பட்டன், அவசரக்காரி ஒருத்தி வலது பட்டனில் டேப் ஒட்டினாள், இடது கையில் அடிபட்டாள் என்று சொன்னேன். நீ வழக்கம்போல் நாடியில் கை வைத்துக் கேட்டாய். பிறகு கையைத் தூக்கினாய். சமையலறைக்குப் போய் இரண்டு டம்ளர் எடுத்து வந்து தரையில் கவிழ்த்து வைத்தாய்.

"இது வலது பட்டன். டேப் ஒட்டியாச்சி. அப்போ மிஷின் ஓடணும்னா இடது கையால இந்தப் பட்டன அமுக்கணும். அமுக்கினு இருக்கற கை எப்பிடிப்பா உள்ள போவும்? டேப்பு ஒட்டினது அவ இல்ல. அவ மேல பழி போட வேற யாரோ ஒட்டிகீறான். அவனுக்கு எழுதற கை வலது." சொல்லிவிட்டு டம்ளரைப் பார்த்தாய். பிறகு என் வலது கையைப் பார்த்தாய். "அப்பா, இது செல்வி அக்கா கதையா?"

நான் உன்னை அடித்தேன். அதுவரை உன்மேல் கை வைத்ததில்லை. கன்னத்தில் நாலு விரலும் பதிந்தது. டம்ளர் உருண்டு கதவு வரை போனது. நீ அழவில்லை, டம்ளரை எடுத்துக் கழுவி இருந்த இடத்தில் வைத்தாய். அடித்ததற்கு மட்டும் மன்னிப்புக் கேட்டிருந்தால் அடுத்த வாரமே கேட்டிருப்பேன். அதற்கு மேலும் ஒன்று செய்தேன், அதனால்தான் இத்தனை வருடம் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் காலை ஆறு மணி பஸ்ஸில் போய், யாரும் வருவதற்கு முன்னால், வலது பட்டனிலிருந்த டேப்பை உரித்து இடது பட்டனில் ஒட்டினேன். முதல் ரிப்போர்ட்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, 'இடது பட்டன்' என்று புதிதாக ஒன்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இடதுகைக்காரி, இடது கையை விடுவித்துக்கொள்ள இடது பட்டனில் டேப் ஒட்டினாள். இப்போது ஒரு ஓட்டையும் இல்லை. மேனேஜர் படித்துவிட்டுத் தோளில் தட்டினார். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது, ஏனென்றால் அதில் இருந்த கெட்டிக்காரத்தனம் உன்னுடையது.

அதற்குப் பிறகு சுடர் வரவில்லை. எத்தனையோ முறை உட்கார்ந்து பார்த்தேன். அந்தப் பெண் வாயைத் திறந்தாலே என்னைத்தான் கேட்டாள். இதழிலிருந்து கேட்டு எழுதினார்கள், படிக்கிற பிள்ளைகள் கேட்டார்கள், வேலைப்பளு என்று பதில் போட்டேன். நீயும் கேட்கவில்லை. என்னிடம் பேசினாய், சிரித்தாய், மதிப்பெண் அட்டையில் கையெழுத்து வாங்கினாய், ஆனால் என் சட்டையையும் ஷூவையும் பார்த்து எதையும் சொல்வதை அன்றோடு நிறுத்திக்கொண்டாய். வீட்டில் ஒரு விளக்கு அணைந்ததைப் பார்த்தும் பார்க்காதவன் மாதிரி நடந்துகொண்டேன். நீ சட்டம் படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது அம்மா சந்தோஷப்பட்டாள். நான் மட்டும் ஏன் சந்தோஷப்படவில்லை என்று இப்போது உனக்குப் புரியும்.

நாற்பத்தொரு நாளுக்கு முன்னால், அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், நான் முகம் மழித்துக்கொண்டிருந்தேன். செல்விக்காக வாதாடுகிற உன் சீனியர் வக்கீலின் அலுவலகத்திலிருந்து நீ எடுத்து வந்த நகலைக் கண்ணாடிக்கு முன்னால் வைத்தாய். நட்டஈடு கேட்டுச் செல்வி தொழிலாளர் அதிகாரியிடம் போட்ட மனுவுக்குக் கம்பெனி கொடுத்த பதில், அதோடு என் ரிப்போர்ட். பாதுகாப்பைத் தானே கெடுத்துக்கொண்டவள் என்று அதில் எழுதியிருந்தது. "இடது பட்டன்னு போட்டுக்கீற. நான் அன்னிக்கிக் கேட்டத வெச்சித் திருத்திக்கினியா?" என்றாய். நான் என்ன சொன்னேன்? "எந்தக் கதைம்மா?" என்றேன். ரிப்போர்ட்டைப் பற்றிக் கேட்டால் கதை என்று பதில் சொல்கிறவனுக்கு அதற்கு மேல் யார் குற்றப்பத்திரிகை எழுத வேண்டும்? நீ பையை எடுத்துக்கொண்டாய். வாசலில் செருப்பு மாட்டும்போது அம்மாவிடம் நீ சொன்னது என் காதில் விழுந்தது. "அக்கா தோக்கறதே என்னாலதாம்மா. நான் வாய மூடிக்கினு இருந்திருந்தா, அந்த ரிப்போர்ட்டே கம்பெனிய மாட்டி வுட்டுருக்கும்."

பாப்பா, இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். மற்றதை நீ மன்னிக்காமல் போ, பெரியவளாகிவிட்டாய், உன் இஷ்டம். இதை மட்டும் சுமக்காதே. நீ கேட்டது சரியான கேள்வி. பதினோரு வயதில் இரண்டு டம்ளரை வைத்து, ஒரு அப்பாவிப் பெண்ணுக்காக நீ வாதாடினாய். அதைத் திருடி அவளுக்கே எதிராகத் திருப்பியவன் நான். அரிவாள்மணையில் காய் நறுக்குகிறார்கள், அதே அரிவாள்மணையை ஒருவன் வேறு காரியத்துக்கு எடுத்தால் பழி யார்மேல்? நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது உன் முகத்தைப் பார்த்து நீ சொல்வது பொய் என்று சொன்னால், நின்று பதில் சொல். சிரித்து மழுப்பாதே, கதையாக்கிப் பெருமைப்படாதே, கையை ஓங்காதே. புத்திசாலிப் பிள்ளைகளை நாம் கொஞ்சுகிறோம், கேள்வி நம் பக்கம் திரும்புகிற வரைக்கும்.

போன வாரம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றது. "பன்னெண்டு வருசமா பொங்கலுக்குப் பொங்கலு அந்தப் பொண்ணுக்கு இந்த வூட்லேர்ந்து பொடவ போவுது. நான் குடுக்கச் சொல்ல நீயும் பக்கத்துலதான நின்னுகினு இருந்த. உனக்கு எப்பிடிச் சோறு எறங்கிச்சி?" என்றாள். இறங்கியது, அதுதான் உண்மை. இப்போது சமைத்து மூடி வைத்துவிடுகிறாள், பரிமாறுவதில்லை. நானே போட்டுக்கொண்டு சாப்பிடுகிறேன். செல்வி என்னைப் பற்றி என்ன சொன்னாள் என்பதையும் அம்மாதான் சொன்னாள். "அண்ணாச்சி அப்படி எழுதியிருக்க மாட்டாவ. மேல உள்ளவன் எழுதிட்டு அவியகிட்ட கையெழுத்து மட்டும் வாங்கியிருப்பான்" என்றாளாம். மூன்று விரலையும் பறிகொடுத்துவிட்டு எனக்காகக் காரணம் தேடுகிறாள். மனுவில் அவள் முதலில் கேட்பது பணம்கூட இல்லை, தன்மேல் தவறு இல்லை என்று எழுதித் தர வேண்டும் என்பதுதான் என்றும் அம்மா சொன்னாள். அதை எழுதித் தர வேண்டியவன் நான்.

செவ்வாய்க்கிழமை என்னைக் கம்பெனி சாட்சியாக அழைத்திருக்கிறார்கள். அவர்களுடைய வக்கீல் போன வியாழக்கிழமை கேன்டீனில் என்னை உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். "ரிப்போர்ட்ல இருக்கறத அப்படியே சொல்லுங்க சார், அஞ்சு நிமிஷ வேலை" என்றார். நான் ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம். தலையை ஆட்டினேன். பார்த்தாயா, மறுபடியும் ஆட்டினேன். காபி வாங்கிக் கொடுத்தார், குடித்தேன். அங்கே போனதும் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்க எனக்கு ஆசைதான். ஆனால் என் வரலாறு உனக்குத் தெரியும். கட்டைவிரல் மையைப் பார்த்து நீ சொன்னபோதும் முதலில் இல்லை என்றுதான் சொன்னேன். டம்ளரைப் பார்த்துக் கேட்டபோது அடித்தேன். கண்ணாடிக்கு முன்னால் கேட்டபோது எந்தக் கதை என்றேன். நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே மேனேஜர் முகத்தைப் பார்த்ததும், என் வாய் என்னைக் கேட்காமலே பழைய பாட்டைப் பாடிவிடும் என்று பயமாக இருக்கிறது. மூன்று நாளாகக் குளியலறையில் நின்று சொல்லிப் பார்க்கிறேன். சாவியைத் திருப்பியது நான். டேப் ஒட்டியது நான். தனியாக இருக்கும்போதே இரண்டாவது வாக்கியத்தில் குழாயைத் திறந்துவிடுகிறேன்.

ஆகவேதான் அந்தத் தாள். மறுநாள் காலையில் பையில் போட்டுக்கொண்டேன் என்று சொன்னேனே, அந்த முதல் ரிப்போர்ட். ஏன் கிழிக்கவில்லை என்று தெரியாது. சுடர் நோட்டில், இருபத்தாறாவது கதைக்குப் பின்னால் செருகி வைத்திருந்தேன். என் கையெழுத்து, என் ஒப்பம், அதே தேதி, 'வலது பட்டன்' என்று தெளிவாக இருக்கிறது. ஒரே விபத்துக்கு ஒரே ஆள் எழுதிய இரண்டு ரிப்போர்ட். ராத்திரியோடு ராத்திரியாக டேப் பட்டன் மாறி உட்காராது என்று எந்த அதிகாரிக்கும் புரியும். உன் சீனியரிடம் கொடு. குறுக்கு விசாரணையை உன்னிடம் விடச் சொல்லிக் கேள். ஜூனியருக்குக் கொடுப்பதுண்டு என்று நீதான் ஒருமுறை சொன்னாய். மகள் தகப்பனைக் கேட்கலாமா என்று அவர் தயங்கினால், இந்த ஆளைக் கேட்க வேறு யாருக்கும் தெரியாது என்று சொல்.

சுடர் எப்படிச் செய்வாள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அது நீ சொல்லிக் கொடுத்தது. கடைசித் துப்பை முதலில் வெளியே எடுக்க மாட்டாள். எதிராளி தன் பொய்யை முழுதாகச் சொல்லி முடிக்கிற வரை, அது பாவாடைப் பைக்குள் இருக்கும். அதையே செய். வலது எது, இடது எது என்று மெதுவாகக் கேள். முடிந்தால் இரண்டு டம்ளர் கொண்டு வா. நான் தடுமாறினால் விட்டுவிடாதே. அப்பா வியர்க்கிறாரே, ரத்த அழுத்தமாயிற்றே என்று இரக்கப்பட்டு உட்கார்ந்துவிடாதே. என் வலது கையைப் பார்த்துக்கொண்டே கேள். உனக்குப் பக்கத்தில் செல்வி உட்கார்ந்திருப்பாள், அவள் இடது கை மேசைமேல் இருக்கட்டும் என்று சொல். நான் உண்மையைச் சொல்லிவிட்டால் அந்தத் தாளுக்கு வேலை இல்லை. சொல்லாவிட்டால் தயவுதாட்சண்யம் இல்லாமல் எடுத்துக் காட்டு.

அப்பா என்று கூப்பிட வேண்டாம். சாட்சி என்றே கூப்பிடு. அன்றைக்குப் பாதியில் நிறுத்திய கேள்வியை எல்லோர் முன்னாலும் மறுபடியும் கேள், பாப்பா. இந்த முறை நான் அடிக்க மாட்டேன்.